காக்கை உட்கார்ந்ததால்தான் பனம்பழம் விழுந்ததா? உளவியல் பரிசோதனைகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். "உளவியல் ஆய்வில் நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று தொடங்கும் ஒரு ஃபார்வர்டு. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் என்ன குணம், எந்த நிறச் சட்டை போட்டால் எவ்வளவு தன்னம்பிக்கை என்று ஏதாவது இருக்கும். போன மாதம் வந்த ஒன்றுக்கு, "எந்தக் குழுவோடு ஒப்பிட்டார்கள் சித்தி?" என்று கேட்டேன். "ஆராய்ச்சி பண்ணித்தானே சொல்றாங்க, அப்புறம் என்னடா ஒப்பிடறது?" என்று பதில் வந்தது.

சித்தியைக் குறை சொல்ல முடியாது. நாலு பேரிடம் கேட்டு எழுதினாலும் 'ஆய்வு', ஆயிரம் பேரை வைத்து ஒழுங்காகச் செய்தாலும் 'ஆய்வு' என்றுதான் செய்திகளிலும் வருகிறது. 'நிரூபணம்' என்ற சொல் அதைவிட மலிவாகிவிட்டது. அதனால் இரண்டு விஷயங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். உளவியலில் ஒரு பரிசோதனையை எப்படி அமைக்கிறார்கள்? கிடைத்த முடிவு வெறும் தற்செயலா இல்லையா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? கணக்கைக் கண்டால் பயப்படுகிறவர்களும் தாராளமாகப் படிக்கலாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

காக்கையை யார் உட்கார வைத்தது?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்வோம். தற்செயல் என்பதற்கு நம் ஊர்ப் பெயர் அது. கொஞ்சம் பிடிவாதமாக யோசித்துப் பார்ப்போம். அது தற்செயல்தான் என்று யாருக்குத் தெரியும்? காக்கையின் கனத்தில் காம்பு விட்டிருக்கக் கூடாதா?

ஒரு மரத்தை ஒரு முறை பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. சரி, காக்கை வந்து உட்கார்ந்த 40 மரங்களையும் உட்காராத 40 மரங்களையும் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். காக்கை உட்கார்ந்த மரங்களில் அதிகப் பழங்கள் விழுகின்றன. இப்படி இரண்டு விஷயங்கள் சேர்ந்தே கூடுவதையோ குறைவதையோ ஒட்டுறவு என்பார்கள். இப்போதாவது காக்கைதான் காரணம் என்று சொல்லிவிடலாமா?

முடியாது. காக்கை என்ன கண்ணை மூடிக்கொண்டா மரத்தைத் தேர்ந்தெடுக்கிறது? பழுத்து மணக்கும் மரத்தைத் தேடித்தான் போகும். பழுத்த மரத்தில் காக்கை வந்தாலும் வராவிட்டாலும் பழம் விழும். காக்கையை வர வைத்ததும் பழத்தை விழ வைத்ததும் பழுப்புதான். இப்படிப் பின்னால் நின்று இரண்டு பக்கமும் கயிறு இழுக்கிற விஷயத்துக்குக் 'குழப்பும் மாறி' என்று பெயர். (ஒன்றுக்கொன்று மாறக்கூடிய எதையும் 'மாறி' என்பார்கள்.)

இதிலிருந்து தப்ப ஒரு வழி இருக்கிறது. மரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் காக்கையிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு காசைச் சுண்டுகிறோம். தலை விழுந்தால் அந்த மரத்தில் ஒரு காக்கையைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறோம். பூ விழுந்தால் இல்லை. (சொன்ன பேச்சைக் கேட்கும் காக்கை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.) காசுக்கு எந்த மரம் பழுத்தது என்று தெரியாது. அதனால் பழுத்த மரங்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும். பழுப்பு மட்டுமல்ல, மரத்தின் வயது, காற்று, காம்பில் விழுந்த பூச்சி, நமக்குத் தோன்றவே தோன்றாத இன்னும் பத்துக் காரணங்கள் எல்லாமே பிரிந்துவிடும். நமக்குத் தெரியாத காரணத்தையும் சமன் செய்துவிடுகிற ஒரே கருவி இந்தக் காசுதான். இதைச் சமவாய்ப்பு ஒதுக்கீடு என்கிறோம். பரிசோதனைக்கும் வெறுமனே கவனித்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசமே இதில்தான் இருக்கிறது.

இன்னும் ஒரு ஓட்டை பாக்கி. காக்கையை உட்கார வைக்க ஒருவர் மரம் ஏற வேண்டும். ஏறும்போது மரம் ஆடும், அதில் பழம் விழுந்தால்? அப்படியானால் பூ விழுந்த மரங்களிலும் ஒருவர் ஏறி, சும்மா இறங்க வேண்டும். காக்கை வைத்த மரங்கள் சோதனைக் குழு. ஏறி இறங்கியது மட்டும் நடந்த மரங்கள் கட்டுப்பாட்டுக் குழு. கட்டுப்பாட்டுக் குழு என்றால் 'ஒன்றுமே செய்யாத குழு' என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் நடந்த குழு என்பதே சரி. மருந்து ஆய்வுகளில் ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றொரு குழுவுக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத மாத்திரையும் கொடுப்பது இந்த ஏறி இறங்கும் வேலைதான்.

காக்கைக்குப் பதில் வல்லாரைக் கீரையையும் பனம்பழத்துக்குப் பதில் பரீட்சை மதிப்பெண்ணையும் வைத்துப் பாருங்கள். மெனக்கெட்டு வல்லாரை வாங்கி ஆய்ந்து துவையல் அரைக்கிற அம்மா, பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்காருகிற அம்மாவாகவும் இருப்பார். மதிப்பெண் கூடினால் பேர் கீரைக்கா, பக்கத்தில் உட்கார்ந்தவருக்கா?

இதுவரை வந்ததைக் கோத்துக்கொண்டால்: சேர்ந்து நடப்பது காரணம் ஆகாது, பின்னால் மூன்றாவது ஒன்று இருக்கலாம், அதை வெட்டிவிட, யாருக்கு எது என்பதைக் காசிடம் விட்டுவிட வேண்டும்.

ஒரே கேள்வி, ஒரு சொல் மட்டும் வேறு

இனி நிஜமான ஒரு பரிசோதனைக்குப் போவோம். 1974ஆம் ஆண்டு எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவில் செய்தது. உளவியல் வகுப்புக்குப் போன எவரும் இதைத் தாண்டி வந்திருக்க முடியாது. எனக்கு இதைப் பிடிக்கக் காரணம், செலவில்லாத எளிய அமைப்பு. உபகரணம் என்று பார்த்தால் சில படச்சுருள்களும் அச்சடித்த கேள்வித்தாளும்தான்.

45 மாணவர்களுக்குக் கார் விபத்துகளைக் காட்டும் ஏழு சிறு படங்களைக் காட்டினார்கள். பிறகு சில கேள்விகள். அவற்றுக்கு நடுவில் ஒன்று: கார்கள் மோதியபோது எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருந்தன? இந்த ஒரு கேள்வியில் மட்டும், 'மோதிய' என்ற இடத்தில் வரும் சொல்லை மாற்றினார்கள். ஒன்பது பேருக்கு 'நொறுங்க மோதிக்கொண்டபோது' என்ற தொனியில் ஒரு சொல், இன்னொரு ஒன்பது பேருக்கு 'இடித்தபோது', மற்றொரு ஒன்பது பேருக்கு 'தொட்டுக்கொண்டபோது' என்று ஐந்து சொற்கள், ஐந்து குழுக்கள். எல்லோரும் பார்த்தவை அதே ஏழு படங்கள்தான்.

'நொறுங்க மோதிய' குழு சொன்ன சராசரி வேகம் மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். 'இடித்த' குழு 34. 'தொட்டுக்கொண்ட' குழு 31.8.

ஆய்வாளர் தன் கையால் மாற்றுகிற விஷயத்துக்குச் சாரா மாறி என்று பெயர். இங்கே அது அந்தச் சொல். அதனால் மாறுகிறதா என்று நாம் அளந்து பார்க்கிற விஷயம் சார்ந்த மாறி. இங்கே அது மாணவர்கள் சொன்ன வேகம். ஆய்வுக்கு முன்பே, 'சொல்லின் கடுமை கூடினால் சொல்லும் வேகமும் கூடும்' என்று தெளிவாக, தப்பாகப் போக வாய்ப்புள்ள விதத்தில் எழுதி வைக்கிற ஊகம் கருதுகோள். "மொழிக்கும் மனசுக்கும் ஏதோ தொடர்பு உண்டு" என்பது கருதுகோள் ஆகாது. எந்த முடிவு வந்தாலும் அது தப்பிவிடும்.

நினைவு, கோபம், பயம் எதையும் தராசில் வைக்க முடியாது என்பதால் உளவியலில் இன்னொரு வேலையும் உண்டு. 'நினைவு மாறியது' என்பதை எதை வைத்துச் சொல்வோம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இது செயல்முறை வரையறை. ஒரு ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். 'மகிழ்ச்சி கூடியது' என்றால், எப்படி அளந்தார்கள்? சிரித்ததை எண்ணினார்களா, ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போடச் சொன்னார்களா?

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் கையைத் தூக்குவார். "சொல்லைக் கேட்டதும் பெரிய எண்ணைச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். நினைவே மாறிவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. அந்த இருவருக்கும் இதே சந்தேகம் வந்தது. அதனால் இரண்டாவது பரிசோதனை.

இந்த முறை 150 மாணவர்கள். பல கார்கள் மோதும் ஒரு படம், ஒரு நிமிடம்கூட ஓடாது. 50 பேரிடம் 'நொறுங்க மோதிய' கேள்வி, 50 பேரிடம் 'இடித்த' கேள்வி, மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றியே கேட்கவில்லை. அந்தக் கடைசி 50 பேர் கட்டுப்பாட்டுக் குழு. ஒரு வாரம் கழித்து எல்லோரையும் மறுபடி கூப்பிட்டார்கள். படத்தைத் திரும்பப் போடவில்லை. பத்துக் கேள்விகளில் ஒன்றாக, "உடைந்த கண்ணாடி எதையாவது பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள்.

படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

'நொறுங்க மோதிய' குழுவில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். 'இடித்த' குழுவில் 7 பேர். கட்டுப்பாட்டுக் குழுவில் 6 பேர். ஒரு வாரத்துக்கு முன் கேள்வித்தாளில் கண்ணில் பட்ட ஒரு சொல், இல்லாத கண்ணாடியைச் சிலர் மனதில் உடைத்துவிட்டது போலத் தெரிகிறது. கட்டுப்பாட்டுக் குழுவின் அருமையைக் கவனியுங்கள். எந்தச் சொல்லும் கேட்காமலே 50க்கு 6 பேர் இல்லாததைப் பார்த்தேன் என்கிறார்கள். அந்த 6 தெரியாவிட்டால், 16 என்பது பெரியதா சின்னதா என்றே சொல்ல முடியாது. சித்தியிடம் நான் கேட்டது இந்த 6ஐத்தான்.

ஒருவரிடமே இரண்டு சொல்லையும் வைத்துக் கேட்டிருக்கலாமே என்று தோன்றலாம். சில ஆய்வுகளில் அப்படிச் செய்வார்கள். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். இந்தச் சோதனையில் ஒரே ஆள் எல்லா வகையையும் செய்யலாம். ஆனால் முதலில் செய்தது பழக்கத்தையோ அலுப்பையோ தந்துவிடும் என்பதால் பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுக்க வேண்டும். விபத்துப் படத்தில் அது நடக்காது. இரண்டாவது முறை கேட்டதுமே ஆய்வின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கணக்குப் போட்ட குதிரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை பெரும் புகழோடு இருந்தது. கணக்குக் கேட்டால் விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் ஓய்வுபெற்ற ஆசிரியர். மோசடிக்காரர் அல்ல, குதிரை கணக்குப் போடுகிறது என்று உண்மையாகவே நம்பினார். 1904இல் ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, தில்லுமுல்லு எதுவும் இல்லை என்றே சொன்னது.

பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் வந்தார். அவர் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார். குதிரை திணறிப்போனது. கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாதபடி மறைத்தபோதும் அப்படியே. நடந்தது என்னவென்றால், கேள்வி கேட்டவுடன் ஆள் குளம்பைப் பார்க்க லேசாகக் குனிகிறார். குதிரை தட்டத் தொடங்குகிறது. சரியான எண் வந்ததும் அவரை அறியாமலே தலை ஒரு நூல் நிமிர்கிறது, குதிரை நிறுத்திவிடுகிறது. ஹான்ஸுக்குக் கணக்கு வராது. மனிதர்களைப் படிக்க வரும். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய திறமை.

குதிரைக்கே இது முடியுமென்றால், ஆய்வில் கலந்துகொள்ளும் மாணவர்கள் ஆய்வாளரின் முகத்தைப் படிக்க மாட்டார்களா? ஆய்வாளரின் எதிர்பார்ப்பு அவருடைய கண்ணையும் கையையும்கூட மாற்றும். 1963இல் ராபர்ட் ரோசென்தால், கெர்மிட் ஃபோட் என்ற ஆய்வாளர்கள் 12 மாணவர்களிடம் ஆளுக்கு ஐந்து எலிகளைக் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் 'இவை புத்திசாலி வம்சம்', மீதிப் பேரிடம் 'இவை மந்த வம்சம்' என்று சொல்லி வைத்தார்கள். உண்மையில் எல்லாம் சாதாரண எலிகள். 'புத்திசாலி' எலிகள் வழி கண்டுபிடிப்பதில் முந்திவிட்டன.

அதனால்தான் யார் எந்தக் குழு என்பது கலந்துகொள்பவருக்கும் தெரியாமல், அளப்பவருக்கும் தெரியாமல் வைக்கிறார்கள். இது இரட்டை மறைப்பு. பரீட்சைத் தாளில் பெயருக்குப் பதில் எண் மட்டும் போட்டுத் திருத்தக் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எட்டுக் கோப்பைத் தேநீர்

பரிசோதனை ஒழுங்காக நடந்தது, வித்தியாசம் வந்தது. ஆனால் காசைச் சுண்டிப் பிரித்தாலும், ஏமாளிகள் எல்லாம் தற்செயலாக ஒரே குழுவில் போய் விழுந்திருக்கலாமே? இங்கேதான் கருதுகோள் சோதனை வருகிறது. தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான் அதிகம்.

இதன் மூலக் கதை இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் நடந்தது. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அங்கே வேலை பார்த்தார். உடன் பணியாற்றிய முரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்றாராம். (டிகாஷன் முதலா பால் முதலா என்று சண்டை போடும் நம் வீடுகளுக்கு இது விசித்திரமே இல்லை.) ஃபிஷர் பிறகு 1935இல் தன் புத்தகத்தில் இதை வைத்தே பாடம் நடத்தினார்.

எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசையைக் கலைத்துக் கொடுக்க வேண்டும். பால் முதலில் ஊற்றிய நான்கையும் அவர் பொறுக்கிக் காட்ட வேண்டும்.

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து யோசிக்க வேண்டும். 'இவருக்கு அந்தத் திறமை இல்லை, குருட்டாம்போக்கில் பொறுக்குகிறார்' என்று வைத்துக்கொள்வோம். 'விளைவு ஏதும் இல்லை' என்கிற இந்த ஊகத்துக்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். நாம் நம்பி வைக்கிற ஊகம் அல்ல, முட்டிப் பார்ப்பதற்காக நிறுத்தி வைக்கிற சுவர். எட்டில் நான்கைப் பொறுக்க மொத்தம் 70 வழிகள் உண்டு. அதில் ஒரே ஒரு வழிதான் முழுச் சரி. அதாவது குருட்டாம்போக்கில் முழுச் சரியாக வர 70இல் ஒரு வாய்ப்பு, நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. அப்படி நடந்துவிட்டால் 'குருட்டாம்போக்கு' என்ற ஊகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது கஷ்டம்.

ஒரு கோப்பையைத் தவறவிட்டு மூன்றைச் சரியாகச் சொன்னால்? மூன்றோ அதற்கு மேலோ சரியாக வர 70இல் 17 வழிகள், கிட்டத்தட்ட நாலில் ஒன்று. அது ஒன்றும் அதிசயம் இல்லை. ஒரே ஒரு கோப்பை, கதையே மாறிவிடுகிறது.

நூறு புளியங்கொட்டை

அதே தந்திரத்தை உடைந்த கண்ணாடிக்குச் செய்து பார்ப்போம். 'நொறுங்க மோதிய' 50, 'இடித்த' 50, ஆக 100 பேர். பார்த்தேன் என்றவர்கள் 16 கூட்டல் 7, அதாவது 23.

நூறு புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாய ஆட்டத்துக்குத் தேய்ப்போமே, அப்படி 23 கொட்டைகளைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டுக் குலுக்கி, வலப்பக்கம் 50, இடப்பக்கம் 50 என்று பிரியுங்கள். வலப்பக்கத்தில் எத்தனை வெள்ளை? சராசரியாகப் பதினொன்றோ பன்னிரண்டோ வரும். சில தடவை 9, சில தடவை 14. இது இன்மைக் கருதுகோளின் உலகம். இங்கே சொல்லுக்கு எந்தச் சக்தியும் இல்லை. 23 பேர் எப்படியும் பார்த்தேன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்பது மட்டும் குலுக்கல்.

இப்படிக் குலுக்கிக்கொண்டே இருந்தால், வலப்பக்கத்தில் 16 அல்லது அதற்கு மேல் வெள்ளை வருவது நூறு தடவைக்குச் சுமார் 3 தடவைதான். இந்த எண்ணுக்குத்தான் பி மதிப்பு என்று பெயர். விளைவு எதுவும் இல்லாத உலகில், நமக்குக் கிடைத்த அளவோ அதைவிட அதிகமோ வித்தியாசம் வெறும் குலுக்கலால் வருவதற்கான வாய்ப்பு. அவ்வளவுதான் அதன் பொருள், ஒரு வரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பி மதிப்பு நூற்றுக்கு 5க்குக் கீழே இருந்தால் முடிவைப் 'புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்கது' என்பது வழக்கம். அப்படிக் கீழே வந்துவிட்டதை 'கோட்டைத் தாண்டியது' என்று இனிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த 5 இயற்கை விதி அல்ல. இருபதில் ஒன்று வசதியான எல்லை என்று ஃபிஷர் 1925இல் எழுதினார், அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் வில்லங்கமானது. நான் வலப்பக்கம் மட்டும் பார்த்தேன். 'கடுமையான சொல் அதிகமாக்கும்' என்று முன்பே சொல்லியிருந்தால் அது சரி. 'எந்தப் பக்கம் கூடினாலும் வித்தியாசம்தான்' என்று சொல்லியிருந்தால், இடப்பக்கத்தில் 16 வந்தாலும் எண்ண வேண்டும். அப்போது நூற்றுக்குச் சுமார் 6 தடவை ஆகிவிடும். அதே 23 கொட்டை, ஒரு கேள்விக்குக் கோட்டைத் தாண்டுகிறது, இன்னொரு கேள்விக்குத் தாண்டவில்லை. (லாஃப்டஸும் பாமரும் மூன்று குழுக்களையும் சேர்த்தே ஒப்பிட்டார்கள், அப்படிப் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் 2.) எந்தக் கேள்வி என்பதைக் கொட்டையைக் குலுக்குவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும் என்று ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஆக, கருதுகோள் சோதனை என்பது 'ஒன்றுமே இல்லை' என்று வைத்துக்கொண்டு, அந்த உலகில் நம் முடிவு எவ்வளவு அபூர்வம் என்று எண்ணிப் பார்ப்பது.

பி மதிப்பு சொல்லாதவை

பி மதிப்பு 3 விழுக்காடு என்றால், 'முடிவு 97 விழுக்காடு உண்மை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. படித்தவர்களே எழுதுகிறார்கள். தப்பு. மழை பெய்தால் தெரு நனைந்திருக்கும். தெரு நனைந்திருந்தால் மழை பெய்தது என்று ஆகாது, யாராவது வாசல் தெளித்திருக்கலாம். பி மதிப்பு 'விளைவு இல்லை என்றால் இப்படி வருமா?' என்று கேட்கிறது. நாம் அதை 'இப்படி வந்துவிட்டது, விளைவு உண்டா?' என்று திருப்பிப் படித்துவிடுகிறோம். 2011இல் டாரில் பெம் என்ற மூத்த உளவியலாளர், எதிர்காலம் இன்றைய மனதைப் பாதிக்கிறது என்பதற்கு ஒன்பது பரிசோதனைகளை வெளியிட்டார். ஒன்றைத் தவிர மற்றவை அந்த 5 விழுக்காட்டுக் கோட்டைத் தாண்டியிருந்தன. அதற்காக எதிர்காலம் தெரிகிறது என்று நம்பிவிட முடியுமா? மற்றவர்கள் செய்து பார்த்தபோது வரவில்லை.

விளைவு பெரியது என்றும் அது சொல்லாது. ஒரு லட்சம் பேரை வைத்தால் அரை மதிப்பெண் வித்தியாசம்கூடக் கோட்டைத் தாண்டும். வித்தியாசம் எவ்வளவு என்பது வேறு கேள்வி. அதற்கு விளைவின் அளவு என்று தனிப் பெயர் உண்டு. செய்தியில் பெரும்பாலும் அது காணாமல் போயிருக்கும்.

பல தடவை கை விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளைவே இல்லாத 20 விஷயங்களைத் தனித்தனியாகச் சோதித்தால், ஏதாவது ஒன்றாவது கோட்டைத் தாண்ட 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. தாண்டியதை மட்டும் வெளியிட்டு, மற்றவற்றை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டால்? 2011இல் ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சோன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதை நக்கலாகச் செய்து காட்டினார்கள். பல விஷயங்களை அளந்து, ஒத்துவந்ததை மட்டும் எடுத்து எழுதி, ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்ட மாணவர்களின் வயதே ஏறக்குறைய ஒன்றரை வருடம் குறைந்துவிட்டதாகப் 'புள்ளியியல் நோக்கில்' காட்டினார்கள். உற்சாகம் அல்ல, பிறந்த தேதிப்படி வயது! பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. பொறுக்கியதுதான் வித்தை.

நாய் குரைப்பதும் தூங்குவதும்

வீட்டு நாய் இரண்டு விதத்தில் தப்புச் செய்யும். பூனை ஓடியதற்குக் குரைத்து ஊரைக் கூட்டும். அல்லது திருடன் வந்தபோது தூங்கிவிடும். விளைவே இல்லாதபோது இருக்கிறது என்பது முதல் வகைப் பிழை. விளைவு இருந்தும் கண்டுபிடிக்காமல் விடுவது இரண்டாம் வகைப் பிழை. எதற்கும் குரைக்காத நாயை வளர்த்தால் முதல் பிழை குறையும், திருடனுக்கும் வசதி.

இரண்டாவது பிழையைக் குறைக்க எளிய வழி, அதிகம் பேரைச் சேர்ப்பது. அந்தக் கண்ணாடி ஆய்வைக் குழுவுக்கு 10 பேரை வைத்துச் செய்து, ஏறக்குறைய அதே வீதத்தில் 3 பேரும் 1 ஆளும் பார்த்தேன் என்றிருந்தால்? இருபது கொட்டை, நாலு வெள்ளை. வலப்பக்கத்தில் மூன்றோ நாலோ விழுவது நூற்றுக்குச் சுமார் 29 தடவை நடக்கும். ஒன்றும் சொல்ல முடியாது. 'வித்தியாசம் இல்லை என்று நிரூபணமானது' என்று இதை எழுதினால் அது தூங்கிய நாயைச் சாட்சிக்கு அழைப்பது.

எத்தனை பேர் என்பதோடு யார் என்பதும் இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் பானை ஒன்றாக வெந்திருக்க வேண்டும். ஆய்வுக்காகத் தேர்ந்தெடுத்த ஆட்களுக்கு 'மாதிரி' என்று பெயர். நாம் பேச நினைக்கும் மொத்த மக்களுக்கு 'முழுமைத்தொகுதி' என்று பெயர். உளவியலில் நெடுங்காலமாகப் பானை என்றால் மனித குலம், சோறு என்றால் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். லாஃப்டஸின் மாணவர்களும் அப்படித்தான். வண்டி ஓட்டி முப்பது வருடம் ஆனவர் அதே சொல்லுக்கு அசைவாரா என்பதற்கு அந்த ஆய்வில் பதில் இல்லை. காசைச் சுண்டியது குழுக்களைச் சமமாக்கும். மாதிரியை உலகமாக்காது.

திரும்பச் செய்து பார்த்தபோது

குலுக்கல் ஒரு முறை ஏமாற்றலாம். வேறு கை, வேறு சட்டி என்று திரும்பக் குலுக்கினால் தெரிந்துவிடும். ஆனால் திரும்பச் செய்பவருக்குப் பேரும் இல்லை, பதவியும் இல்லை என்பதால் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகச் செய்யவில்லை. 2015இல் ஒரு பெரிய கூட்டு முயற்சியாக, பெயர் பெற்ற உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு கோட்டைத் தாண்டியவை. திரும்பச் செய்தபோது தாண்டியவை 36 விழுக்காடு.

உளவியலே பொய் என்று இதை வைத்துச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் கணக்கைத் தானே திறந்து காட்டிய துறை இது. அதன் பிறகு பலர், தரவு கைக்கு வருமுன்பே கருதுகோளையும் எப்படிச் சோதிப்போம் என்பதையும் தேதியிட்டுப் பொதுவில் பதிந்துவிடுகிறார்கள். இதற்கு முன்பதிவு என்று பெயர். வலப்பக்கமா இரண்டு பக்கமா என்ற அந்த 3க்கும் 6க்கும் நடுவில் பிறகு நழுவ முடியாது.

கண்ணாடி ஆய்வுக்கே ஒரு முறை திரும்பிப் போகிறேன். "ஒரு சொல் உங்கள் நினைவையே மாற்றிவிடும்" என்று இது ஃபார்வர்டாக வருவதைப் பார்த்திருக்கிறேன். 'உங்கள்' என்ற இடத்தில்தான் வழுக்குகிறது. பரிசோதனை பேசுவது குழுக்களைப் பற்றி. 50க்கு 16 என்பதும் 50க்கு 7 என்பதும் வேறு வேறு. அந்த 16இல் நீங்கள் இருந்திருப்பீர்களா என்று அதற்குத் தெரியாது. 'நொறுங்க மோதிய' என்ற சொல்லைக் கேட்டு, ஒரு வாரம் கழித்து வந்து உட்கார்ந்து, கண்ணாடி எதையும் பார்க்கவில்லை என்று சரியாகச் சொன்னவர்கள் 34 பேர்.

இதைச் சித்திக்கும் அனுப்பினேன். "அந்த 34 பேரும் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாங்களாம்?" என்று கேட்டிருக்கிறார்.